பிளேட்டோ நீக்கிய வரிகள்

கி.மு. 399ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரச் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கிறார் சாக்ரடீஸ். டெலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும்வரை நகரில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது என்பது அந்நகரத்து மரபு. கப்பல் நெருங்கிவிட்டது என்னும் செய்தியோடு விடியுமுன் வந்து நிற்கிறார் நண்பர் கிரிட்டோ. இன்று கப்பல் வரும். நாளை மரணம் என்பது அவர் கணக்கு. சாக்ரடீஸோ இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் சற்று முன் கண்ட கனவு. வெள்ளாடை உடுத்திய பெண்ணொருத்தி தோன்றி, மூன்றாம் நாள் நீர் வளமிக்க ஃப்தியாவைச் சென்றடைவீர் என்று உரைத்தாளாம்.

ஃப்தியா, அகிலீஸ் என்னும் மாவீரனின் தாயகம். அகமெம்னான் மீது கொண்ட சினத்தால் போரைத் துறந்து வீடு திரும்பப் போவதாக இலியத்தின் ஒன்பதாம் படலத்தில் அவன் சொல்லும் சொற்களே அக்கனவில் ஒலித்தவை. சாவை வீடு திரும்புதலாகக் கண்ட ஞானிக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஹோமரின் அடிதான். நீதிமன்றத்திலும், உயிருக்கு அஞ்சி அறத்தைக் கைவிடேன் என்று கூறும் இடத்தில், அகிலீஸையே அவர் தமக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார்.

இவ்விரு காட்சிகளையும் எழுதியவர் பிளேட்டோ. அதே பிளேட்டோதான், 'குடியரசு' என்னும் நூலில், அதே சாக்ரடீஸின் நாவினால் ஹோமரை நகரத்தைவிட்டு வெளியேற்றினார். இந்த முரண்பாட்டைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். எடுத்துக்காட்டிவிட்டு நகர்ந்தும் விடுகின்றனர். பிளேட்டோவைக் கவிதையின் பகைவர் என்று ஒரு சொல்லில் முடிப்பது எளிது. ஹோமரைக் காக்கப் புறப்பட்ட அவர் காலத்து அன்பர்களைக் காட்டிலும், குற்றஞ்சாட்டிய பிளேட்டோவே காப்பியத்தைக் காப்பியமாகப் படித்தவர் என்பது என் எண்ணம். அவர் பிழை செய்த இடம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

ஹோமர் கிரேக்கருக்கு வெறும் புலவர் அல்லர் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். 15,000 அடிகளுக்கு மேற்பட்ட இலியத்தும் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒடிசியும் அவர்களுக்குப் பள்ளிப் பாடம். விழாக்களில் ஆயிரக்கணக்கானோர் முன் ஓதப்படும் காப்பியங்கள். நல்லொழுக்கத்திற்கும் போர்முறைக்கும் விருந்தோம்பலுக்கும் மேற்கோள் நூல்கள். தம்மை நல்ல மனிதராக்க விரும்பிய தந்தையார் ஹோமர் முழுவதையும் மனனம் செய்வித்தார் என்றும், இன்றும் இரு காப்பியங்களையும் ஒப்பிக்க இயலும் என்றும் நிக்கெராட்டஸ் என்பவர் விருந்தொன்றில் கூறுவதாகச் செனஃபன் எழுதுகிறார். உடனே அருகிலிருந்தவர், காப்பியம் ஓதித் திரிவோருக்குந்தான் எல்லாம் மனப்பாடம், அவர்களைவிட அறிவிலிகளைக் கண்டதுண்டா என்று மடக்குகிறார். மனனம் வேறு, மனத்தில் ஏற்றல் வேறு என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

முதற் கணையை எய்தவர் பிளேட்டோ அல்லர். அவருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முன்னரே பிறந்த கொலஃபன் நகரத்துச் செனோஃபனீஸ், மனிதரிடையே இழிவெனக் கருதப்படும் களவையும் கற்பழிவையும் வஞ்சகத்தையும் ஹோமரும் ஹெசியாடும் தேவர்கள்மேல் ஏற்றிவிட்டனர் என்று கண்டித்தார். எத்தியோப்பியர் தம் தேவர்களைக் கருநிறத்தவராகவும் திரேசியர் நீலக் கண்ணினராகவும் எண்ணுகின்றனர். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் அவையும் தத்தம் வடிவிலேயே தெய்வத்தை வரையும் என்பது அவர் ஏளனம். உடலாலும் சிந்தையாலும் மானிடரை ஒவ்வாத ஒரே பெருந்தெய்வத்தைப் பற்றி அவர் பேசுவதைப் படிக்கும் நம்மவர்க்கு, அவரை ஏகத்துவவாதி என்று உரிமை கொண்டாடும் ஆசை எழுவது இயல்பே. ஆனால், தேவர்களுக்குள்ளும் மனிதர்களுக்குள்ளும் பெரியவன் என்று அதே கூற்றில் அவர் சொல்லியிருப்பதை மறந்துவிடலாகாது. இன்னொன்றும் உண்டு. ஹோமரைக் கண்டித்த அந்த அடிகளில் பல ஹோமரின் யாப்பிலேயே அமைந்தவை. எதிர்ப்பதற்கும் அவருடைய இசையே வேண்டியிருந்தது.

எஃபெசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ் இன்னும் கடுமையானவர். போட்டி அரங்குகளிலிருந்து ஹோமரைக் கழியால் அடித்துத் துரத்த வேண்டும் என்றார். கோபம் மட்டுமன்று, காரணமும் அவரிடம் இருந்தது. தேவரிடத்தும் மனிதரிடத்தும் பகை அழிந்தொழியாதா என்று அகிலீஸ் ஏங்கும் இடத்தை எடுத்துக்கொண்டு, முரண் ஒழிந்தால் உலகமே ஒழியுமே என்று வாதிட்டார். துயருற்றவன் ஒருவனின் பெருமூச்சைப் பிரபஞ்சக் கொள்கையாக எடுத்துக்கொண்டு மறுப்பது நியாயந்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் ஹோமரின் ஒரு சொல்லுக்கு எத்துணைப் பளுவைத் தத்துவம் கொடுத்தது என்பதற்கு இது சான்று.

இத்தாக்குதல்கள் எழுந்ததும் காவலர்களும் எழுந்தனர். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ரீஜியம் நகரத்துத் தியாகனீஸ், ஹோமரைப் பற்றி முதன்முதல் எழுதியவராகச் சொல்லப்படுபவர். இலியத்தில் தேவர்கள் ஒருவரோடொருவர் கைகலக்கும் படலம் கற்றோருக்குக் கூச்சம் தந்தது. தியாகனீஸ் அதற்கு வழி கண்டார். அங்கே பொருவன தேவர்கள் அல்லர். வெம்மையும் தண்மையும், ஈரமும் வறட்சியும் பொருகின்றன. அப்பல்லோ நெருப்பு, பொசைடன் நீர், ஹீரா காற்று, ஆர்ட்டெமிஸ் நிலவு. ஆகவே ஹோமர் பழுதற்றவர் என்பது தீர்ப்பு.

அடுத்த நூற்றாண்டில் லாம்ப்சகஸ் நகரத்து மெட்ரோடோரஸ் இந்த வழியில் எல்லை வரை சென்றார். அவர் உரையில் அகமெம்னான் வான்வெளி, அகிலீஸ் ஞாயிறு, ஹெலன் பூமி, பாரிஸ் காற்று, ஹெக்டர் திங்கள். தேவர்களோ மனித உடலின் உறுப்புகள்: டிமீட்டர் ஈரல், டயோனிசஸ் மண்ணீரல், அப்பல்லோ பித்தம்! படிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆனால் நகைத்துவிட்டுப் போகக் கூடியதன்று இது. ஞாயிறு திங்களை வென்றது என்றால், தன் மகனை இழந்த தாய் மதில்மேல் நின்று தலைவிரித்து அழுவானேன்? ஹெக்டர் விண்மீன் குடும்பத்தைச் சேர்ந்தவனாகிவிட்டால் அவன் மனைவி ஆண்ட்ரமக்கி எதற்காக அவனுக்கு வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறாள்? பழியிலிருந்து ஹோமரை மீட்டவர்கள், மீட்ட கையோடு காப்பியத்தைத் தொலைத்துவிட்டனர். பாட்டுக்கு உட்பொருள் காணும் பழக்கம் நமக்கும் புதிதன்று. புலவரே மறைபொருள் வைத்துப் பாடிய இடத்தில் அது தேவையும் ஆகும். கூச்சத்தை மறைக்கப் போர்த்தும் உட்பொருள் வேறு வகை.

பிளேட்டோவுக்கு இந்த வழி நன்கு தெரியும். 'குடியரசின்' இரண்டாம் பகுதியில் அதை ஒரு வாக்கியத்தில் விலக்குகிறார். உட்பொருள் இருக்கலாம், இல்லாதும் போகலாம். எது உட்பொருள், எது வெளிப்பொருள் என்று பிரித்தறியும் ஆற்றல் பிள்ளைகளுக்கு இல்லை. இளமையில் கேட்டது அழியாமல் தங்கிவிடும் என்பது அவர் வாதம். கதை, கதையாகவே உள்ளத்தில் இறங்குகிறது என்கிறார். இதைவிடக் காப்பியத்தின் ஆற்றலை ஒப்புக்கொண்ட சொல் வேறென்ன வேண்டும்?

அதன்பின் தொடங்குகிறது நீக்கல் பட்டியல். கையில் எழுத்தாணியுடன் அமர்ந்த தணிக்கை அதிகாரியைப் போலச் சாக்ரடீஸ் ஒவ்வோர் அடியாக எடுத்து அடிக்கிறார். பாதாள உலகத்தின் கொடுமையைக் கூறும் அடிகள் வேண்டா. வீரர் சாவுக்கு அஞ்சுவர். பட்ரோக்ளஸுக்காக அகிலீஸ் சாம்பலை வாரித் தலையில் இறைத்துப் புலம்புவது வேண்டா. ஹிஃபீஸ்டஸ் நொண்டி நொண்டி மது பரிமாறக் கண்டு தேவர்கள் அடங்காச் சிரிப்புச் சிரிப்பது வேண்டா. ஜீயஸ் ஹீராவின்பால் மோகித்து மயங்குவது வேண்டா. எதைச் சொல்கிறோம் என்பதோடு நில்லாமல், எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் புகுகிறார். இலியத்தின் தொடக்கத்தில் மகளை மீட்க வரும் முதிய பூசகர் கிரைசீஸ் பேசும் இடத்தில், ஹோமர் தாமே அம்முதியவராகி நம்மை மயக்குகிறார் அன்றோ? அப்படி வேறொருவராக மாறாமலும் அதைக் கூறலாம் என்று, எனக்குப் பாட்டு வராது என்ற பணிவோடு, அந்தக் காட்சி முழுவதையும் உரைநடையில் சாக்ரடீஸ் திருப்பிச் சொல்கிறார். செய்தி ஒன்றும் குறையவில்லை; உயிர் மட்டும் இல்லை. காப்பியத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இத்துணைத் துல்லியமாக எந்த ஹோமர் அன்பரும் அதுவரை காட்டியதில்லை. எல்லா வேடமும் புனைய வல்ல அப்புலவர் நம் நகருக்கு வந்தால், வியந்து வணங்கி, தலையில் நறுமணத் தைலம் பூசி, மாலை சூட்டி, வேற்றூருக்கு அனுப்பிவைப்போம் என்று முடிக்கிறார். துரத்துதல் அன்று அது, வழியனுப்புதல்.

பட்டியலின் முதல் அடியை மறவாதீர்கள். ஒடிசியின் பதினோராம் படலத்தில், இறந்தோர் உலகில் அகிலீஸின் ஆவியைச் சந்திக்கும் ஒடிசியஸ், இங்கும் நீ அரசன் அல்லவா என்று தேற்ற, இறந்தோர்க்கெல்லாம் மன்னனாவதைவிட மண்ணின்மேல் வறியவன் ஒருவனிடம் கூலியாளாய்க் கிடப்பதே மேல் என்று அவன் விடையிறுக்கிறான். மூன்றாம் பகுதியின் தொடக்கத்திலேயே பிளேட்டோ அடித்த அடி இது. ஏழாம் பகுதிக்கு வாருங்கள். உலகமறிந்த குகை உவமை அங்குள்ளது. விலங்கிடப்பட்டு நிழல்களையே மெய்யென நம்பிக் கிடந்தவருள் ஒருவன் வெளியேறிக் கதிரவனைக் காண்கிறான். நிழலுலகில் கிடைத்த பட்டங்களுக்கும் பரிசுகளுக்கும் இனி அவன் ஆசைப்படுவானா என்று கேள்வி எழுகிறது. மாட்டான் என்று சொல்ல சாக்ரடீஸ் எடுத்தாளும் சொற்கள், அகிலீஸின் அதே சொற்கள்! தம் கையால் அடித்த வரியை, தம் தத்துவத்தின் உச்சியில், தாமே எழுதி வைக்கிறார். இது மறதியால் நேர்ந்தது என்று என்னால் நம்ப இயலவில்லை. நம் குகைதான் மெய்யான பாதாளம் என்று சொல்ல அவருக்கு அந்த அடியைவிடச் சிறந்த சொல் கிரேக்க மொழியில் அகப்படவில்லை.

பத்தாம் பகுதியில் மீண்டும் கவிதையை விசாரணைக்கு இழுக்கிறார். தேவர்களைத் துதிக்கும் பாக்களும் நல்லோரைப் புகழும் பாக்களும் மட்டுமே நகருக்குள் வரலாம் என்பது தீர்ப்பு. தொடங்கும்போதே சிறு வயது முதல் ஹோமர்மீது தமக்குள்ள அன்பும் மரியாதையும் நாவைத் தடுக்கின்றன என்கிறார். முடிக்கும்போது, தீமை தரும் காதலை வலிந்து துறக்கும் காதலரைப் போல் விலகுகிறோம் என்கிறார். கவிதையால் இன்பம் மட்டுமன்றி நன்மையும் உண்டு என்று கவிதையை நேசிப்போர் எவரேனும் உரைநடையில் வாதிட்டு நிறுவினால் மகிழ்ச்சியோடு கேட்போம் என்று கதவைத் திறந்தும் வைக்கிறார்.

அந்தக் கதவில் நுழைந்தவர் அவர் மாணவர் அரிஸ்டாட்டில். 'கவிதையியல்' நூலில் ஆசிரியரின் பெயரைச் சொல்லாமலே அவருக்கு மறுமொழி தருகிறார். ஹோமர் தம் குரலில் மிகக் குறைவாகவே பேசி, சிறு முன்னுரைக்குப்பின் ஓர் ஆணையோ பெண்ணையோ பேசவிட்டு ஒதுங்குகிறார். புலவர் செய்யத்தக்கது அதுவே என்று போற்றுகிறார். பிளேட்டோ கண்ட அதே பண்பு, தீர்ப்புத்தான் தலைகீழ். அரசியலில் சரி எனப்படுவதும் கவிதையில் சரி எனப்படுவதும் ஒன்றல்ல என்னும் அவர் வாக்கு, திறனாய்வு என்னும் துறைக்கே அடிக்கல். பெண்மானுக்குக் கொம்பில்லை என்பதை ஓவியன் அறியாதது சிறு குற்றம். ஓவியத்தைக் கெடுத்து வரைவதே பெருங்குற்றம் என்கிறார். படையெல்லாம் அசையாது நிற்க, தலையசைத்துத் தடுத்தபடி அகிலீஸ் மட்டும் ஹெக்டரைத் துரத்துவதை மேடையில் நடித்தால் நகைப்பாகும். காப்பியத்தில் கவனத்திற்கே வாராது என்பது அவர் காட்டும் நுட்பம். பொய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பிற புலவர்களுக்குக் கற்பித்தவர் ஹோமரே என்று புன்னகையோடு பாராட்டுகிறார். தேவர்களைப் பற்றிய கூற்றுகள் செனோஃபனீஸ் சொன்னதுபோல் தவறாகவே இருக்கலாம், ஆயினும் மக்கள் அப்படிச் சொல்கின்றனர் என்பதே புலவருக்குப் போதுமான விடை என்று நகர்ந்துவிடுகிறார்.

ஆனால் அரிஸ்டாட்டிலின் எல்லா விடைகளும் என்னை நிறைவு செய்யவில்லை. கொள்ளைநோய் முதலில் கோவேறு கழுதைகளைத் தாக்கியது ஏன் என்ற வினாவுக்கு, அச்சொல் காவலரைக் குறிக்கலாம் என்பது அகராதிக்காரர் விடை. ஹெக்டரின் உடலை அகிலீஸ் தேரில் கட்டி இழுப்பது தெசலி நாட்டு வழக்கம், கொலைஞனை அவனால் மாண்டவனின் கல்லறையைச் சுற்றி இழுப்பது அங்கு மரபு என்றாராம். மரபாகவே இருக்கட்டும். அவ்வாறு இழுப்பதைக் கண்டு தேவர்களே அருவருத்ததாக ஹோமர் பாடியிருக்கிறாரே! பிளேட்டோ அந்தச் செயலைக் கொடுமை என்று கண்டு துடித்தார். அவர் துடிப்பே ஹோமருக்கு அருகில் நிற்கிறது.

பின்வந்தோர் மீண்டும் பழைய பாதைக்கே திரும்பினர். ஒடிசியின் பதின்மூன்றாம் படலத்தில் வரும் ஒரு குகையைப் பாடும் பதினோர் அடிகளுக்கு, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பார்ஃபிரி ஒரு தனி நூலே உட்பொருளாக எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் பிராக்ளஸ், பிளேட்டோவின் வழியினராயிருந்தே, உட்பொருள் காட்டி ஹோமரைப் பிளேட்டோவிடமிருந்து காத்தார்!

இந்த வழக்கு அரபு மொழிக்கு வந்து சேர்ந்த விதமும் எண்ணத்தக்கது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஹோமரின் அடிகளைக் கிரேக்கத்திலேயே ஓதியபடி உலவினார் என்று ஒரு குறிப்பு உண்டு. எனினும் ஹோமர் அரபியில் காப்பியமாக வரவில்லை; பெயராக மட்டும் வந்தார். கி.பி. 940இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் 'கவிதையியலை' சிரியாக் மொழிவழி அரபியாக்கியபோது, அவலநாடகம் புகழ்ப்பா என்றும் இன்பநாடகம் வசைப்பா என்றும் மாறின. கேலிக்குரிய பிழை என்பர் சிலர். நாடகத்தையே காணாத ஒரு மொழி, தன்னிடம் இருந்த மிக அருகான சொல்லைத் தேடி எடுத்தது என்றே நான் கொள்வேன். இப்னு ருஷ்து (1126–1198) அந்நூலுக்கு விளக்கம் எழுதும்போது கிரேக்கச் சான்றுகளின் இடத்தில் அரபுக் கவிதைகளை வைத்தார். 'குடியரசுக்கும்' அவர் விளக்கம் எழுதினார். அரபு மூலம் கிடைக்காமல் எபிரேய மொழியில் எஞ்சியுள்ளது. அதில் பிளேட்டோவின் கண்டனத்தை ஏற்று, இளைஞரைக் கெடுக்கும் அரபுப் பாடல்களைச் சாடுகிறார். பத்தாம் பகுதியையோ இத்துறைக்குத் தேவையற்றது என ஒதுக்கிவிட்டார். ஆகவே குற்றப்பத்திரிகை அவர் விளக்கத்தில் இடம்பெற்றது; குற்றஞ்சாட்டியவரின் காதல் வாக்குமூலம் விடுபட்டது. இலியத் முழுவதும் அரபுச் செய்யுளாக வெளிவர 1904ஆம் ஆண்டு, கெய்ரோவில், சுலைமான் அல்-புஸ்தானியின் காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, பிளேட்டோவின் பிழை. பத்தாம் பகுதியில் அவர் தொடுக்கும் மிகக் கூரிய குற்றச்சாட்டு துயரத்தைப் பற்றியது. மகனை இழந்த நல்லவன் ஒருவனை எடுத்துக்கொள்கிறார். தனிமையில் அவன் கலங்கலாம். ஆயினும் அறிவு அவனுக்கு அளவு கற்பிக்கும். இடறி விழுந்த குழந்தைபோல் அடிபட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு கதறாமல் எழுந்து மருந்திட முனைவான். காப்பியமோ அக்கதறலுக்குத் தீனி போடுகிறது. பிறர் துயருக்கு அழுது பழகிய நெஞ்சு தன் துயரில் அடங்காது. அமைதியுற்ற, தன்னை ஆளும் மனத்தைப் பாடிக்காட்டுவது கடினம். பாடினாலும் விழாக் கூட்டத்திற்கு விளங்காது என்கிறார். அரிஸ்டாட்டில் அவலநாடகத்திற்குச் சொன்ன 'கதார்சிஸ்' என்னும் ஒற்றைச் சொல் இதற்கு மறுமொழி என்பர். அச்சொல்லின் பொருள் குறித்து அறிஞர் இன்றுவரை வழக்காடுகின்றனர். எனக்கு ஹோமரிடமே விடை இருப்பதாகப் படுகிறது.

மகனை இழந்தவன் இலியத்தில் இருக்கிறான். இறுதிப் படலத்தில் டிராய் மன்னன் பிரயாம் இரவோடிரவாகப் பகைவன் பாசறைக்குள் நுழைந்து, தன் மக்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப் பார் என்று ஹெக்டரின் உடலைக் கேட்கிறான். அகிலீஸ் முதியவனின் கையைப் பற்றி மெல்ல விலக்குகிறான். இருவரும் அழுகின்றனர், ஒருவன் மகனுக்காக, மற்றவன் தந்தைக்காகவும் தோழனுக்காகவும். அழுது தீர்ந்ததும் அகிலீஸே எழுந்து, நரைத்த தலைக்கு இரங்கி, முதியவனைத் தூக்கி நிறுத்துகிறான். புலம்பலால் ஆவது ஒன்றுமில்லை என்கிறான். சற்று நேரத்தில் பிரயாம் அவசரப்பட, அகிலீஸின் சினம் மீண்டும் தலைதூக்குகிறது. அவன் அதை உணர்கிறான். என்னைக் கிளறாதே என எச்சரிக்கிறான். உடலைப் பிரயாமின் கண்ணில் படாமல் ஒதுக்கிக் கழுவுமாறு பணிப்பெண்களுக்குக் கட்டளையிடுகிறான். மகனைக் கண்டு கிழவன் வெகுண்டால் தன் கை தன்னை மீறி அவனைக் கொன்றுவிடுமே என்ற அச்சம். அறிவு தன் சினத்திற்குக் காவல் வைக்கும் காட்சி இது. அழுகைக்கும் அளவு உண்டு, அது அழுது முடித்தவர்க்கே தெரியும் என்பதும் இங்கேயே இருக்கிறது. பாடுவது கடினம் என்று பிளேட்டோ சொன்ன அந்த மனத்தை ஹோமர் பாடியிருக்கிறார். விழாக் கூட்டங்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டும் இருக்கின்றன.

இந்த இரவிலிருந்து பிளேட்டோவின் பட்டியலில் ஒரு செய்தி இடம்பெறுகிறது: பொருள் வாங்கிக்கொண்டு அகிலீஸ் பிணத்தைக் கொடுத்தான், அவனைப் பேராசைக்காரன் ஆக்கும் இதை நம்பலாகாது என்பது. ஒவ்வோர் அடியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தவர், இங்கே மட்டும் விலைச்சீட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். பாசறைக்குள்ளே, மகன் மாண்ட நாள்தொட்டு ஒன்றும் உண்ணாத கிழவனும் அவன் மகனைக் கொன்றவனும் ஒன்றாய் அமர்ந்து உண்டு முடித்துவிட்டு, அகிலீஸின் உயரத்தையும் எழிலையும் பிரயாம் வியந்து நோக்க, பிரயாமின் முகத்தையும் பேச்சையும் அகிலீஸ் வியந்து நோக்க, ஒருவரையொருவர் பார்த்தவாறு இருக்கின்றனர்.